உஷார்! சர்வதேச பாடசாலைகளுக்குச் சட்டம் எழுதப்படும்போது பெற்றோர் எங்கே இருப்பார்கள்?

பிள்ளையைச் சர்வதேச பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோரே, அனுமதியின்போது கையெழுத்திட்ட படிவத்தை அலுமாரியிலிருந்து எடுத்து இன்னொரு முறை வாசியுங்கள். இலங்கையில் அந்தப் படிவத்தின் மறுபக்கத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு தனியார் கம்பனி. சீமெந்து இறக்குமதி செய்யும் நிறுவனம் எந்தக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவாகிறதோ, அதே 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்தான் உங்கள் மகளின் வகுப்பறையும் பதிவாகியிருக்கிறது. ஆசிரியரின் தகுதி, கட்டணத்தின் அளவு, பிள்ளையின் பாதுகாப்பு, பாடசாலை மூடப்பட்டால் என்ன நடக்கும் என்ற எதையும் அந்தச் சட்டம் பேசாது. பங்குதாரர், பணிப்பாளர், வருடாந்த அறிக்கை ஆகியவற்றைத்தான் அது பேசும்.

இந்த நிலை மாறப்போகிறது. சர்வதேச பாடசாலைகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் வேண்டும் என்று அடுத்தடுத்து வந்த அரசாங்கங்கள் சொல்லிவந்திருக்கின்றன. 2024 நவம்பர் தேர்தலில் ஆளும் தரப்புக்கு 225 ஆசனங்களில் 159 கிடைத்தன. எந்தச் சட்டமூலத்தையும் எளிதாக நிறைவேற்றக்கூடிய பாராளுமன்றம் இது. எழுதத் தொடங்கினால் வேகமாக எழுதி முடிப்பார்கள். அந்த நேரத்தில் அமைச்சும் பாடசாலை உரிமையாளர்களும் மேசையின் இரு பக்கமும் இருப்பார்கள். மாதாமாதம் பணம் கட்டுகிறவர்களுக்கு அங்கே ஒரு கதிரையும் போடப்பட்டிருக்காது. இதைத்தான் இப்போதே உரத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த நிலைக்கு எப்படி வந்தோம் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரிடம் பேசப் போகாதீர்கள். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1960, 61ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பாடசாலை தொடங்குவதையே தடுத்தது. அந்தப் பிரிவு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பிறகு 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டுப் பிரதிநிதிகளின் பிள்ளைகளுக்காக என்று 80களில் கொழும்பில் சில பாடசாலைகள் தோன்றின. பாடசாலை என்று பதிவாக வழியில்லாததால் கம்பனி என்று பதிவாகின. அந்த வழியாகத்தான் கண்டிக்கும் நீர்கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் அவை பரவின. வெளிநாட்டுப் பிள்ளை ஒருவர்கூட இல்லாத பாடசாலைகளும் இன்று 'சர்வதேச' என்ற பெயர்ப் பலகையைத் தாங்கி நிற்கின்றன.

ஆகவே உங்கள் பிள்ளை படிக்கும் இடம் ஒரு சட்ட இடுக்கில் வளர்ந்தது. இடுக்கில் வளர்ந்ததை ஒரே கையெழுத்தில் சட்டபூர்வமாக்கலாம், நிபந்தனை போட்டு நெரிக்கவும் செய்யலாம். இரண்டுக்கும் பெற்றோரின் சம்மதம் தேவையில்லை.

இப்போதைக்கு உங்களுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று பாருங்கள். அரச பாடசாலையில் முதலாம் தரத்துக்கு அநீதியாக அனுமதி மறுக்கப்பட்டால் பெற்றோர் உயர் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். அப்படிப் போய் வென்றவர்கள் பலர். அரசியலமைப்பின் 17ஆம், 126ஆம் உறுப்புரைகள் தரும் வழி அது. ஆனால் அவை அரச நிர்வாகச் செயலுக்கு எதிராக மட்டுமே செல்லும். ஒரு தனியார் கம்பனி உங்கள் பிள்ளையைப் பாதித் தவணையில் வெளியேற்றினால் அந்தக் கதவு திறக்காது. ஒப்பந்த மீறல் என்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அது முடியும்போது பிள்ளை பல்கலைக்கழகத்தில் இருக்கும்.

வைப்புப் பணம் இன்னும் கவலைக்குரியது. அனுமதிக் கட்டணம் போக, திருப்பித் தரப்படும் வைப்பு என்று ஒரு தொகையைப் பல பாடசாலைகள் வாங்குகின்றன. அந்தப் பணம் தனிக் கணக்கில் இருக்கிறதா, கட்டடக் கடனைக் கட்டப் போய்விட்டதா என்று நீங்கள் கேட்டதுண்டா? கம்பனி முறிந்து கலைக்கப்பட்டால், பிணை வைத்துக் கடன் கொடுத்த வங்கி முதலில் நிற்கும். ஊழியர்களின் சம்பளமும் அரசுக்கான வரியும் அடுத்து வரும். எந்தப் பிணையுமில்லாமல் பணம் கொடுத்த பெற்றோர், தளபாடம் கொடுத்த கடைக்காரரோடு வரிசையின் கடைசியில் நிற்பார்கள். 2022இல் நடந்ததை மறந்துவிட வேண்டாம். மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்கு ஏறியது. லண்டன் பரீட்சைக் கட்டணம் பவுணில். சம்பளமோ ரூபாயில். அந்த மாதங்களில் எத்தனை குடும்பங்கள் நகையை அடகு வைத்துப் பரீட்சைக் கட்டணம் கட்டின என்பதைக் கணக்கெடுக்கும் பொறுப்பு எந்த அரச அலுவலகத்துக்கும் இருக்கவில்லை.

இதனால்தான் சட்டம் வருவதை நான் எதிர்க்கவில்லை. வரத்தான் வேண்டும், இத்தனை காலம் வராமல் இருந்ததே பிழை. பயம் வேறு இடத்தில் இருக்கிறது. பெற்றோர் இல்லாத அறையில் எழுதப்படும் சட்டம், உரிமையாளருக்கு அங்கீகாரத்தையும் அரசுக்குக் கட்டணத்தையும் கொடுத்துவிட்டு, பிள்ளையை இப்போதிருக்கும் அதே இடத்தில் விட்டுவிடும். அதன் பிறகு "எல்லாம் சட்டப்படிதான் நடக்கிறது" என்ற பதில் மட்டும் புதிதாகச் சேரும்.

நம் நாட்டில் சட்டம் இயற்றப்படும் முறையைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். சட்டமூலம் வர்த்தமானியில் வரும். பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் சேரும். அதன் பிறகு குறுகிய சில நாள்களுக்குள் எந்தப் பிரஜையும் 121ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்க்கலாம். அந்த நாள்கள் கடந்தால் அந்த வாய்ப்பும் போய்விடும். சட்டமூலம் நிறைவேறிச் சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டால், அது செல்லுபடியாகுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. 80ஆம் உறுப்புரை அதைத் தெளிவாகச் சொல்கிறது. இந்தியாவில் ஒரு சட்டம் வந்து பத்து ஆண்டு கழித்தும் நீதிமன்றம் அதைத் தூக்கி எறியலாம். இலங்கையில் அப்படி முடியாது. "வரட்டும், பிறகு பார்ப்போம்" என்பவர்களுக்கு இங்கே பிறகு என்று ஒன்று இல்லை.

உயர் நீதிமன்றம் பார்த்து முடித்த சட்டமூலம் அப்படியே நிறைவேறும் என்றும் நம்பிவிடாதீர்கள். 2017 செப்டெம்பரில் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம் எப்படி நிறைவேறியது என்பது தமிழ் வாசகர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு இடம் ஒதுக்குவதற்காக வந்தது அது. குழுநிலையில் பக்கம் பக்கமாகத் திருத்தம் சேர்த்துத் தேர்தல் முறையையே மாற்றிவிட்டார்கள். அதன் விளைவாக மாகாண சபைத் தேர்தல்கள் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயின. குழுநிலை நாளில் சபைக்குள் உங்கள் கருத்தை எடுத்துச் சொல்ல ஓர் உறுப்பினராவது இல்லையென்றால், காலையில் இருந்த உங்கள் பாதுகாப்புப் பிரிவு மாலையில் காணாமல் போகலாம்.

வெளியில் நடந்ததிலிருந்தும் படிக்க வேண்டும். எனக்கு மிகவும் பயம் தருவது ஹொங்கொங்கின் கதை. அங்கே இங்கிலிஷ் ஸ்கூல்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 1967இல் தனிச் சட்டத்தின் மூலம் உருவானது. ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்குத் தாங்கக்கூடிய கட்டணத்தில் கல்வி கொடுக்கும் பல பாடசாலைகளை அது நடத்துகிறது. அரசு மானியமும் கொடுத்துவந்தது. கன்ரனீஸ் மொழி வழிப் பாடசாலைகளில் தடுமாறிய இந்திய, பாகிஸ்தானியக் குடும்பங்கள் பலவற்றுக்கும் அது புகலிடமாக இருந்தது.

2004இல் கணக்காய்வாளரின் அறிக்கை அந்த அமைப்பின் நிர்வாகத்தைக் கடுமையாக விமர்சித்தது. சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அதைக் கையில் எடுத்தது. அந்தச் சூட்டில்தான் பெற்றோர் விழித்தார்கள். ஒவ்வொரு பாடசாலையின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஒரு கூட்டு மன்றத்தில் இணைந்திருந்தது. சட்டமன்றத்தின் கல்விக் குழுவுக்கு எழுத்தில் சமர்ப்பித்தார்கள், நேரில் போய்ப் பேசினார்கள். 2008இல் அமைப்பின் சட்டம் திருத்தப்பட்டபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட பெற்றோருக்கு ஆளுநர் சபையில் ஆசனம் கிடைத்தது. இது சிறிய வெற்றி அல்ல. நம் நாட்டில் எந்தச் சர்வதேச பாடசாலையின் பணிப்பாளர் சபையிலும் பெற்றோரின் பிரதிநிதி இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 2013இல் அந்த மானியத்தைப் படிப்படியாக நிறுத்தும் முடிவு வந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 28 கோடி ஹொங்கொங் டொலர். 2016இல் தொடங்கி 13 ஆண்டுகளில் முடிக்கும் திட்டம். அதை எப்படிச் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளுக்கு மானியம் தொடரும் என்றார்கள். 2016 முதல் புதிதாக முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு இல்லை என்றார்கள். யாருடைய பிள்ளைக்கு அடி விழப்போகிறதோ அந்தப் பெற்றோர் அன்று எந்தச் சங்கத்திலும் உறுப்பினராக இல்லை. சிலருக்குப் பிள்ளையே பிறந்திருக்கவில்லை. சங்கத்தில் இருந்தவர்களின் பிள்ளைகளோ தப்பித்துவிட்டார்கள். ஒன்றாக நின்றிருக்க வேண்டிய கூட்டம் இப்படி வருடக் கணக்கால் பிளந்துபோயிற்று. இலங்கையில் சட்டமூலம் வரும்போதும் "இப்போது படிப்பவர்களுக்குப் பாதிப்பில்லை" என்ற வரி நிச்சயம் ஓரிடத்தில் இருக்கும். அந்த வரியை வாசித்து நிம்மதிப் பெருமூச்சு விடும் பெற்றோர்தான் முதலில் தோற்பார்கள். மூத்தவள் பத்தாம் தரத்தில், இளையவன் முன்பள்ளியில் என்று இருக்கும் வீடுகளுக்கு இது இன்னும் நன்றாகவே புரியும்.

பிரித்தானியாவில் வேகம் வேறு. தனியார் பாடசாலைக் கட்டணத்துக்கு 20 வீத வற் வரி 2025 ஜனவரி 1இல், கல்வியாண்டின் நடுவில், அமுலுக்கு வந்தது. விவரங்களை அரசு வெளியிட்டது அதற்கு ஐந்து மாதம் முன்புதான். விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோரும் சமயப் பாடசாலைகளின் பெற்றோரும் நீதிமன்றம் போனார்கள். 2025 ஜூனில் தோற்றார்கள். பாராளுமன்றம் எடுத்த முடிவைப் பின்னர் நீதிமன்றத்தில் கலைப்பது அங்கேயே அவ்வளவு கடினம்.

இனி மிக முக்கியமான எச்சரிக்கை. சட்டமூலம் என்ற பேச்சு வலுத்தவுடன் உங்கள் பிள்ளையின் பாடசாலையிலிருந்தே ஒரு கடிதம் வரலாம். பாடசாலையின் எதிர்காலம் ஆபத்தில் இருக்கிறது, பெற்றோர் சங்கம் அமைக்கிறோம், கையெழுத்திடுங்கள் என்று அதில் இருக்கும். நிர்வாகமே தலைவரைத் தெரிவு செய்திருக்கும். மனுவை நிர்வாகத்தின் சட்டத்தரணி எழுதியிருப்பார். அதில் கட்டணக் கட்டுப்பாட்டுக்கு எதிரான வாதம் நிறைய இருக்கும். உங்கள் வைப்புப் பணம் பற்றி ஒரு வரியும் இருக்காது. அதைச் சுமந்துகொண்டு நீங்கள் பா.உ. ஒருவரின் முன் போய் நின்றால், உங்கள் முகத்தைக் காட்டி உரிமையாளர் பேசுகிறார் என்றுதான் அர்த்தம். உரிமையாளருக்கும் உங்களுக்கும் சில விடயங்களில் நலன் ஒன்றுதான். பாடசாலை மூடக்கூடாது என்பது இருவருக்கும் பொது. ஆனால் கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும், ஆசிரியர் தகுதி பதிவாக வேண்டும், கட்டண உயர்வுக்கு முன்னறிவித்தல் வேண்டும் என்ற இடங்களில் நலன் பிரிகிறது. பிரியும் இடத்தில் யாருடைய பேனாவால் எழுதுகிறீர்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கம் அரசியல்வாதியின் காதில் உங்கள் குரல் எப்படி விழுகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். இலவசக் கல்வி இந்த நாட்டில் புனிதமானது. அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். 'சர்வதேச பாடசாலை' என்றவுடன் பணக்காரர் பிள்ளைகளின் விவகாரம் என்று பாதிப் பேர் காதை மூடிக்கொள்வார்கள். அந்தப் பிம்பத்தை உடைக்க உங்களிடம் உண்மையான காரணம் இருக்கிறது. அதைச் சொல்லுங்கள். போரில் இடம்பெயர்ந்து வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை வீட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். முதலாம் தர அனுமதிக்கு வதிவிடத்தை நிரூபிக்க வேண்டும். சொந்த வீட்டு உறுதி இருந்தால் புள்ளி, வாக்காளர் இடாப்பில் ஆண்டுக்கணக்காகப் பெயர் இருந்தால் புள்ளி. உறுதி எங்கே இருக்கிறது? முல்லைத்தீவில் காணியோடு போய்விட்டது. இப்படிப்பட்ட பலர் விரும்பிச் சர்வதேச பாடசாலைக்குப் போகவில்லை, வேறு கதவு திறக்காததால் போனார்கள். வெளிநாட்டிலிருக்கும் மாமா அனுப்பும் பணத்தில் தவணைக் கட்டணம் கட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் லண்டன் ஏ.எல். எடுத்தால், உள்ளூர் இஸட் புள்ளி வரிசையில் நின்று அரச பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாது. இடையில் அரச பாடசாலைக்குத் திரும்ப நினைத்தாலும் எளிதான வழி இல்லை. பாராளுமன்ற உறுப்பினரிடம் சொல்ல வேண்டியது இந்தக் கதை. சலுகை கேட்பவராகப் போகாமல், அரசின் கணக்கில் வராத பிள்ளையின் பெற்றோராகப் போங்கள்.

தனியாகப் போவதிலும் பயனில்லை. "நமக்குத் தெரிந்த எம்.பி. இருக்கிறார், பேசிப் பார்க்கலாம்" என்பது நம்மவர்களின் பழைய பழக்கம். அதனால் ஒரு பிள்ளைக்கு ஓரிடம் கிடைக்கலாம், சட்டத்தில் ஒரு வரியும் மாறாது. அரச பாடசாலையில் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உண்டு, அதற்குச் சுற்றறிக்கை உண்டு, அதிபர் கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். சர்வதேச பாடசாலையில் இருப்பது பெரும்பாலும் வகுப்பு வாட்ஸ்அப் குழு. அங்கே கோபம் நிறைய, தீர்மானம் எதுவும் இல்லை. பேசினால் பிள்ளையைப் பழிவாங்குவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அது நியாயமான பயம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அதற்காகவே சங்கம் ஒரு பாடசாலைக்குள் அடங்காமல் பல பாடசாலைப் பெற்றோரைச் சேர்த்து, பாடசாலை வளவுக்கு வெளியே, சொந்த யாப்போடும் கூட்டக் குறிப்போடும் இயங்க வேண்டும். ஐந்தாறு பாடசாலைகளின் பெற்றோர் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டால் எந்த நிர்வாகம் எந்தப் பிள்ளையைத் தேடிப் பிடிக்கும்?

போகவேண்டிய இடங்களும் இருக்கின்றன. கல்வி தொடர்பான துறைசார் மேற்பார்வைக் குழு சட்டமூலங்களை ஆராயும். பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு உறுப்பினர் ஒருவர் மூலம் மனு சமர்ப்பிக்கலாம். தமிழ்ப் பிரதிநிதிகள் எந்தக் கட்சியாக இருந்தாலும், தலைநகரில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளின் கல்வி தங்கள் பொறுப்பில் வராது என்று அவர்கள் சொல்லிவிட விடாதீர்கள். ஆளும் தரப்பு உறுப்பினர்களிடமும் போங்கள். வாக்கு அவர்களிடம்தான் இருக்கிறது.

கேட்கும்போது ஆறு பக்கம் எழுதாதீர்கள். திருப்பித் தரவேண்டிய வைப்பு, கம்பனியின் கடன்காரர்கள் தொட முடியாத நம்பிக்கைக் கணக்கில் இருக்க வேண்டும். பாடசாலை மூடுவதானால் ஒரு முழுக் கல்வியாண்டு முன்னறிவித்தலும், பரீட்சை வகுப்புப் பிள்ளைகள் படித்து முடிக்க ஏற்பாடும் வேண்டும். கட்டண நிலுவைக்காக விடுகைப் பத்திரத்தைப் பிடித்து வைத்துப் பிள்ளையைப் பணயமாக்கக்கூடாது. அரச பாடசாலைக்கு மாற எழுதப்பட்ட வழி வேண்டும். ஒவ்வொரு பாடசாலையிலும் நிர்வாகம் கலைக்க முடியாத, தேர்ந்தெடுக்கப்பட்ட பெற்றோர் சபை சட்டத்திலேயே இருக்க வேண்டும். எனக்கு இதில் கடைசிக் கோரிக்கைதான் முதன்மையானது. அது இருந்தால் மற்றவற்றைப் பிறகும் போராடிப் பெறலாம்.

ஒழுங்குமுறைச் சட்டத்தால் கிடைக்கக்கூடிய இன்னொரு நன்மையையும் விட்டுவிடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், எழுத்திலான சட்டமொன்றின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட அல்லது உரிமம் பெற்ற தனியார் கல்வி நிறுவனங்களையும் பகிரங்க அதிகாரசபை என்ற வரைவிலக்கணத்துக்குள் வைக்கிறது. கல்விச் சட்டம் ஒன்றின் கீழ் பாடசாலை உரிமம் பெற்றுவிட்டால், ஆசிரியர் தகுதியையும் பாதுகாப்பு ஏற்பாட்டையும் எழுத்தில் கேட்கும் உரிமை உங்களுக்குத் தெளிவாகிவிடும். இதைத் தவிர்க்கும் விதிவிலக்கு ஏதாவது சட்டமூலத்தின் கடைசிப் பக்கங்களில் நுழைகிறதா என்று கண்ணில் எண்ணெய் விட்டுப் பாருங்கள்.

அதே சட்டத்தை இந்த வாரமே பயன்படுத்தத் தொடங்கலாம். கல்வி அமைச்சு சந்தேகமில்லாமல் பகிரங்க அதிகாரசபைதான். சர்வதேச பாடசாலைகள் குறித்துத் தயாரிக்கப்பட்ட வரைவுகள், அவற்றுக்காக யார் யாரிடம் ஆலோசனை பெறப்பட்டது, அந்தக் கூட்டங்களின் குறிப்புகள் ஆகிய மூன்றையும் அமைச்சின் தகவல் அதிகாரியிடம் கேளுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாள்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அமைச்சிலேயே மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. பல பாடசாலைகளின் பெற்றோர் தனித்தனியே இதே கேள்வியை அனுப்புங்கள். ஆலோசனை பெறப்பட்டவர்களின் பட்டியலில் பெற்றோர் அமைப்பு ஒன்றும் இல்லையென்றால், அந்தப் பதிலின் பிரதியை இணைத்து மேற்பார்வைக் குழுவின் தலைவருக்கு அடுத்த கடிதத்தை எழுதுங்கள்.